31 வயதில் இதயச் செயலிழப்பு: முதல் மாதங்களை ஓட்டுவது எப்படி

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, படுத்தால் இருமல். வயதைப் பார்த்து ஆஸ்துமா என்றார்கள். மூன்று வாரம் அதற்குத்தான் மருந்து எடுத்தேன். கடைசியில் எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், எடுத்தபோது இஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் 24 என்று வந்தது. நூற்றுக்கு 24, ஃபெயில் என்றுதான் மனதில் ஓடியது.

அது மார்க் இல்லை. இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. நல்ல இதயமே சுமார் 55 முதல் 70 வரைதான் தள்ளும். ஹார்ட் ஃபெயிலியர் என்றால் இதயம் நின்றுவிட்டது என்றும் அர்த்தமில்லை. உடம்பு கேட்கும் அளவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறது, அவ்வளவுதான். வீட்டில் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாததால் அம்மா ஒரு வாரம் தூங்காமல் என் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஒரு டிஜிட்டல் எடை மெஷின் வாங்குங்கள். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் சாப்பிடும் முன், தினமும் ஒரே மாதிரி உடையில் ஏறி நின்று எழுதி வையுங்கள். என் நோட்டில் 61.4, 61.3, 61.5 என்று ஒழுங்காகப் போனது. ஒரு வியாழக்கிழமை 62.6. வெள்ளியன்று 63.6. சாப்பாடு கூடிவிட்டது போல என்று விட்டிருப்பேன். சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் வரி ஆழமாகப் பதிந்திருந்தது. விரலால் அழுத்திய குழி உடனே நிரம்பவில்லை. இரண்டு நாளில் இரண்டு கிலோ கொழுப்பு ஏறாது. அது நீர். டாக்டருக்குப் போன் செய்தேன், நீர் மாத்திரையின் அளவைக் கூட்டினார், நாலு நாளில் இறங்கிவிட்டது. மூன்று நாளுக்குள் இரண்டு கிலோ கூடினாலோ, படுக்கக் கூடுதல் தலையணை தேவைப்பட்டாலோ, அன்றே பேசுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால், மயங்கி விழுந்தால் போன் செய்து காத்திருக்க வேண்டாம். நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

மாத்திரைகள் நிறைய இருக்கும். இதயத்துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கரைக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். முதல் மாதம் பிழிந்துபோட்ட துணி மாதிரி கிடந்தேன்; சட்டென்று எழுந்தால் தலை சுற்றியது. சொன்னால் அளவையோ நேரத்தையோ மாற்றித் தருவார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். நன்றாகிவிட்டது என்று தோன்றும்போதுகூட. இதயம் தேறியவர்களிடம் மருந்தைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்த, 2018இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறே மாதத்தில் சுமார் 40 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. என் இஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் இப்போது 46. மாத்திரை டப்பா அதே இடத்தில்தான் இருக்கிறது.

முதுகுவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைக் கேட்காமல் போடாதீர்கள். அவை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கும். நமக்குத் தரும் சில மாத்திரைகளே பொட்டாசியத்தை ஏற்றுபவை என்பதால் அது ஆபத்து.

வயதானவர்களுக்கான கையேடுகளில் குழந்தை பெறுவதைப் பற்றி ஒரு வரி இருக்காது. எனக்கும் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்க மூன்று விசிட் ஆனது. இந்த மருந்துகளில் சில கருவைப் பாதிக்கும். கர்ப்பம் பலவீனமான இதயத்துக்குப் பெரிய சுமை. ஆகவே முன்கூட்டியே கேட்பது அவசியம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேலை இடத்தில் இரண்டு பேரிடம் மட்டும் சொன்னேன். "பார்த்தா நல்லாத்தானே இருக்கே" என்ற பேச்சுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டேன், அதுவே பாதிக் களைப்பு. நடைப்பயிற்சியை டாக்டர் அனுமதித்த பிறகுதான் தொடங்கினேன். நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம், அதற்கு மேல் வேண்டாம்.

காரணம் தெரியாமல் இதயம் விரிந்த நோய் பரம்பரையாகவும் வரலாம். அதனால் கூடப்பிறந்தவர்களும் எக்கோ எடுப்பது நல்லது. தம்பியை மூன்று மாதம் நச்சரித்தேன். முனகிக்கொண்டே போனான். அவனுக்கு இஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் 62.