தெருநாயைக் கண்டதும் பாயும் நாய்க்கு

வாக்கிங்கில் தெருநாயைப் பார்த்ததும் உங்கள் நாய் பாய்கிறதா? சங்கிலியைச் சுண்டி இழுக்காதீர்கள். கழுத்து வலித்தால் எதிரே நிற்கும் நாயின் மேல்தான் கோபம் ஏறும். குரைப்பதற்கு முன்பே அடையாளம் தெரியும்: வாய் மூடிக்கொள்ளும், உடல் விறைக்கும், இமைக்காமல் முறைக்கும். அந்த நொடியிலேயே திரும்பி நடந்துவிடுங்கள்.

மற்ற நாயைப் பார்த்தும் அது அமைதியாக இருக்கிற தூரம் ஒன்று உண்டு. அங்கே நின்று, அது பார்க்கும்போதெல்லாம் வேகவைத்த கோழித் துணுக்கு ஒன்று கொடுங்கள் (உப்பு, மசாலா, எலும்பு கூடாது). தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வாரக்கணக்கில் ஆகும், பரவாயில்லை. அப்புறம், சாதுவாக இருந்த நாய் திடீரென்று சீற ஆரம்பித்தால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதுப் புண்ணோ மூட்டு வலியோகூடக் காரணமாக இருக்கலாம்.