காரத்தன்மை நிற்காத கடல்நீர்த் தொட்டி: மெக்னீசியத்தில் இருந்தது கோளாறு

200 லிட்டர் பவளத் தொட்டி. காரத்தன்மையை (நீரில் கரைந்த கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு; அலகு டிகேஎச்) 8 டிகேஎச்சுக்கு ஏற்றினால் மறுநாளே 6.5க்கு இறங்கிவிடும். ஹீட்டரிலும் பம்பிலும் வெள்ளைப் படிவு, மணல் அங்கங்கே கட்டிதட்டும். இந்தப் படிவைப் பார்த்தால், பவளம் உறிஞ்சுவது மட்டும் காரணமல்ல; கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படிகின்றன என்று அர்த்தம்.

முதலில் உப்பளவைப் பாருங்கள். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்ஓ நீரில் (உப்பு நீக்கி வடிகட்டிய நீர்) சரிபார்த்தால் போதாது, 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தில் சரிபார்க்க வேண்டும். உப்பு குறைந்தால் எல்லா அளவும் சேர்ந்தே குறையும். இங்கே உப்பு சரியாக 35. மெக்னீசியம்தான் குறைவு, 1150 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1150 பங்கு). இயற்கைக் கடல்நீரில் அது 1300ஐ ஒட்டியிருக்கும். சுண்ணாம்புப் படிகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு, அதை வளரவிடாமல் தடுப்பது மெக்னீசியம்தான். அது குறைந்த நீரில் காரத்தன்மை ஏற்றும் பஃபரை எவ்வளவு கொட்டினாலும் வீண்.

மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட்டில் 12% மெக்னீசியம். 200 பிபிஎம் ஏற்ற சுமார் 335 கிராம் தேவை. ஆர்ஓ நீரில் கரைத்து, நீரோட்டம் பலமான இடத்தில், நாளுக்கு 50 பிபிஎம் வீதம் ஊற்றினேன். எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்ஃபேட்) மட்டும் போட்டால் சல்ஃபேட் கூடிவிடும், அதை நான் விரும்புவதில்லை.

மெக்னீசியம் 1350 வந்த பிறகே, காரத்தன்மையை ஏற்றச் சமையல் சோடா. 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் 1 டிகேஎச் ஏறும். ஒரு நாளில் அதற்கு மேல் வேண்டாம். கால்சியக் கரைசலை அதே நேரத்தில் ஊற்றாதீர்கள், சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். இப்போது 8.2 டிகேஎச், 420 கால்சியம். புதிய படிவும் இல்லை.