பல்கலைக்கழகத் தளத்துக்கு சி.எம்.எஸ். எடுக்கும் முன்

சி.எம்.எஸ். என்றால் தளத்தின் பக்கங்களை எழுதி, திருத்தி, வெளியிட உதவும் மென்பொருள். அதில் வேர்ட்பிரஸா ட்ரூபலா என்ற சண்டையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பல்கலைக்கழகத் தளத்தில் தினமும் கை வைக்கப்போவது கணினிப் பிரிவு இல்லை. தேர்வு வேலை, கடித வேலைக்கு நடுவே கருத்தரங்கு அறிவிப்பையும் ஏற்ற வேண்டிய துறை அலுவலக ஊழியர்தான். அவர் கைக்குப் பழகாத சி.எம்.எஸ். எத்தனை வசதி வைத்திருந்தும் வீண்.

அதனால் விற்க வருபவர் காட்டும் டெமோவை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சோதனை சர்வரில் இரண்டு மூன்றை நிறுவி, அந்த ஊழியரையே உட்காரவைத்து, வேர்டில் இருக்கும் ஒரு சுற்றறிக்கையை அட்டவணையோடு ஏற்றச் சொல்லுங்கள். பக்கத்தில் இருங்கள், ஆனால் வாய் திறக்காதீர்கள். ஒட்டியதும் வேர்டின் எழுத்துருவும் நிறமும் கூடவே வருகின்றனவா? படம் போட்டால் மாற்று உரை, அதாவது படத்தைப் பார்க்க முடியாதவருக்கான விளக்கம், கேட்கிறதா? முடித்ததும் துறைத் தலைவர் ஒப்புதலுக்குப் போகிறதா, நேரே வெளியாகிவிடுகிறதா? இதைப் பார்த்த பிறகு, கூட்டத்தில் வாதம் பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்தது, ஒரு தகவல் ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும். ஒரு பேராசிரியரின் பதவி மாறினால் துறைப் பக்கம், ஆய்வு மையப் பக்கம், பாடப் பக்கம் என ஒவ்வொன்றாகத் திருத்துவது யாருக்கும் முடியாத காரியம். பெயர், பதவி, மின்னஞ்சல் எல்லாம் தனித்தனிப் புலங்களாக, அதாவது நிரப்பும் கட்டங்களாக இருந்து, மற்ற பக்கங்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ட்ரூபலில் இது உள்ளேயே இருக்கிறது. வேர்ட்பிரஸில் பெரும்பாலும் பிளக்இன் என்ற துணை மென்பொருளைப் போட்டுத்தான் செய்கிறார்கள். ஆனால் ஆய்வகங்களுக்கெல்லாம் சின்னச் சின்னத் தளம் வேண்டுமென்றால், ஒரே நிறுவலில் பல தளங்களை நடத்த, 2010இல் 3.0 பதிப்போடு வந்த மல்டிசைட் வசதி வேர்ட்பிரஸுக்குப் பெரிய பலம். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பல டைப்போ3 என்ற சி.எம்.எஸ். வைத்திருக்கின்றன, அதையும் ஒருமுறை பாருங்கள்.

லாகின், பல்கலைக்கழகத்தின் பொது உள்நுழைவோடு இணைய வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் கணக்கு உயிரோடு இருப்பதுதான் எனக்கு எப்போதும் பயம்.

இவையெல்லாம் இலவச மென்பொருள் என்றதும் செலவே இல்லை என்று நிதிப் பிரிவு நினைத்துக்கொள்ளும். 2011இல் வந்த ட்ரூபல் 7க்கு 2025 ஜனவரியோடு ஆதரவு நின்றது. அதிலிருந்து அடுத்த பதிப்புக்குப் போவது பொத்தானை அழுத்துகிற வேலை இல்லை, கிட்டத்தட்டத் தளத்தையே மறுபடி கட்டுவதுதான். அந்தச் செலவை முதல் நாளே எழுதி வையுங்கள்.

சரி, தேர்ந்தெடுத்தாயிற்று. பழைய பக்கங்களை அப்படியே அள்ளிப் போடாதீர்கள். யாரும் பார்க்காதவற்றை விட்டுவிடலாம். முகவரி மாறும் பக்கங்களுக்கு, பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் 301 திருப்பிவிடல் கட்டாயம். இல்லையென்றால் ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கும் இணைப்புகள் செத்துப்போகும். ஸ்கேன் செய்த பி.டி.எஃப். சுற்றறிக்கையை, பார்வையற்றவருக்குத் திரையை வாசித்துக்காட்டும் திரைவாசிப்பானால் படிக்க முடியாது, அதையும் பக்கமாகவே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். அப்புறம், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொறுப்பாளரையும் மறுபார்வைத் தேதியையும் கட்டாயப் புலமாக வைத்துவிடுங்கள். இரண்டும் நிரப்பாமல் எதுவும் வெளியாகக் கூடாது.