எல்எச்எஸ் 3844: டெஸ் தரவில் கோளின் நிழலைத் தேடுவது எப்படி?

சுமார் 49 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் சிவப்புக் குறுமீன் எல்எச்எஸ் 3844. அதன் கோள் 11 மணி நேரத்துக்கு ஒருமுறை அதைச் சுற்றிவிடுகிறது. கோள்களைத் தேடும் டெஸ் விண்கலம் 2018 ஜூலை, ஆகஸ்டில் எடுத்த முதல் செக்டாரிலேயே (ஒரே மூச்சில் பார்த்த வானப்பகுதி) ஏராளமான கடப்புகள் (கோள் முன்னே கடக்கையில் விண்மீனின் ஒளி மங்கிக் குழி விழுவது) கிடைப்பதால், பழகுவதற்கு அருமையான விண்மீன் இது.

படி 1: உலாவியிலேயே பைத்தான் நிரல் ஓட்டும் கூகுள் கோலாபில், டெஸ் தரவைக் கையாளும் லைட்கர்வ் நூலகத்தை நிறுவுங்கள். சொந்தக் கணினியில் நிறுவினால் பதிப்புச் சிக்கல்களிலேயே நேரம் போய்விடும்.

படி 2: விண்மீனின் பெயரைக் கொடுத்து, செக்டார் 1-இன் 120 விநாடித் தரவை இறக்குங்கள். 30 நிமிடத் தரவு வேண்டாம். கடப்பே அரை மணி நேரம்தான், குழி மழுங்கிவிடும். 'பிடிசிசாப்' என்ற திருத்திய ஒளியளவையே எடுங்கள். டெஸ்ஸின் ஒரு பிக்சல் 21 ஆர்க்விநாடி அகலம் என்பதால் பக்கத்து விண்மீன்களின் ஒளியும் உள்ளே விழும். அதைக் கழித்த அளவு இதுதான்.

படி 3: 'ஃபிளாட்டன்', அதாவது விண்மீனின் மெதுவான ஏற்ற இறக்கத்தை நீக்கி ஒளிவளைவை (நேரத்தோடு ஒளி மாறும் வரைபடம்) நேராக்குவது. பலர் கோளைத் தொலைப்பது இங்கேதான். ஒளிவளைவு அழகாக நேராக வரவேண்டும் என்று 'விண்டோ லெங்த்'தை (ஒருமுறை நிரவும் புள்ளிகளின் எண்ணிக்கை) 31 என்று வைத்தால், அது ஒரு மணி நேரம். கடப்போ 15, 16 புள்ளிகள். குழியையும் விண்மீனின் ஏற்ற இறக்கமாக எண்ணி நிரவிவிடும். 401 வையுங்கள், அதாவது 13 மணி நேரத்துக்கு மேல். ஒற்றைப்படை எண்ணாக இருக்கவேண்டும். விலகிய புள்ளிகளை நீக்கும்போதும் மேல்பக்கம் மட்டும் வெட்டுங்கள். அங்கே இருப்பவை பெரும்பாலும் பிழைகளும் சுடர்வெடிப்புகளும். நாம் தேடுவது கீழே இருக்கிறது.

இப்போது வரைபடத்தில் கண்ணுக்கு எதுவும் தெளிவாகத் தெரியாது. குழியின் ஆழம் 0.4 சதவீதம்தான், இரைச்சலில் மூழ்கிக் கிடக்கும். மனம் தளரவேண்டாம்.

படி 4: 'பிஎல்எஸ்' தேடலில் (சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் பெட்டி வடிவக் குழியைத் தேடும் முறை) சுற்றுக்காலத்தை 0.3 முதல் 2 நாள் வரை வைத்து, கடப்பின் நீளத்தை 0.02 நாள் என்று நீங்களே கொடுங்கள். நீளத்தைப் பெரிதாக விட்டால் குழி சராசரியில் கரைந்துவிடும். தேடல் வரைபடத்தின் உச்சி 0.4629 நாளில் எழவேண்டும்.

படி 5: ஒளிவளைவை அந்தக் காலத்துக்கு மடித்து (எல்லாச் சுற்றுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி), 5 நிமிடக் கூறுகளாகச் சராசரி எடுங்கள். குழி பளிச்சென்று தெரியும். குழியின் ஆழமான 0.004-இன் வர்க்கமூலம் 0.063. கோளின் ஆரம் விண்மீனின் ஆரத்தில் அத்தனை பங்கு. விண்மீனின் ஆரம் சூரியனில் 0.19 பங்கு, சூரியனின் ஆரம் பூமியைப்போல் 109 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் கோளின் ஆரம் பூமியைப்போல் 1.3 மடங்கு.

பின்சேர்க்கை: உச்சி 0.926 நாளில் வந்தால் அது இரட்டிப்புக் காலம். அதற்கு மடித்துப் பாருங்கள். அரைச் சுற்றில் அதே ஆழத்தில் இன்னொரு குழி இருந்தால் காலத்தைப் பாதியாக்குங்கள்.