விந்தணுவின் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்ப்பது எப்படி?

ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சாயம் ஏற்றிப் பார்க்கும் விந்தணு இறந்துவிடும், குழந்தைப்பேறு சிகிச்சைக்கு உதவாது. அதனால் நமக்கு இரண்டு தனி வேலைகள்: சாயம் ஏற்றி எண்ணுவது, சாயம் ஏற்றாமல் உயிருள்ளதைத் தேர்ந்தெடுப்பது. இரண்டுக்கும் நுண்ணோக்கி வேறு, பார்க்கும் விதமும் வேறு.

படி 1: ஸ்மியர் (ஸ்லைடில் மெல்லியதாகப் பரப்புதல்)

2 முதல் 7 நாள் விந்து வெளியேற்றாமல் இருந்த பின் எடுத்த விந்து மாதிரியை 37 டிகிரி செல்சியஸில் வையுங்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்தில் நீர்த்துவிடும். நன்றாகக் கலந்து, 10 மைக்ரோலிட்டர் துளியை ஸ்லைடில் விட்டு, இன்னொரு ஸ்லைடை 45 டிகிரி சாய்த்து இழுங்கள். சாய்வுக் கோணம் குறையக் குறைய ஸ்மியர் மெல்லியதாகும். ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் விந்தணுக்களை மதிப்பிடவே முடியாது, எனவே இங்கே அவசரப்படாதீர்கள். காய்ந்ததும் நிலைப்படுத்தி, பாபனிகொலாவ் சாயம் ஏற்றுங்கள்.

படி 2: எண்ணுதல்

100 மடங்கு ஆயில் இம்மெர்ஷன் லென்ஸ், சாதாரண ஒளி. கண்லென்ஸையும் சேர்த்தால் 1000 மடங்கு. குறைந்தது 200 விந்தணுக்களை, புலம் புலமாக நகர்த்தி, கண்ணில் பட்ட ஒவ்வொன்றையும் இயல்பானது, இயல்பற்றது என்று பிரித்து எண்ண வேண்டும். அழகானதைத் தேடிப் போனால் கணக்கே கெட்டுவிடும்.

தலையில் தொடங்குங்கள். வழவழப்பான முட்டை வடிவம், நீளம் சுமார் 4 மைக்ரோமீட்டர், அகலம் 3-க்குச் சற்றுக் குறைவு. தலையின் முன்பக்கம் தொப்பிபோல் மூடியிருப்பது அக்ரோசோம். முட்டையின் உறையைக் கரைக்கும் நொதிகள் இதற்குள்தான் இருக்கின்றன. தலைப் பரப்பில் 40 முதல் 70 சதவீதத்தை இது பிடித்திருக்க வேண்டும். தலையில் சிறு குமிழ்கள் இரண்டு வரை இருக்கலாம். அக்ரோசோமுக்குப் பின்னால் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அப்புறம் நடுப்பகுதி: மெலிந்து, தலையின் நீளமே இருந்து, தலையின் அச்சோடு நேராகச் சேர வேண்டும். அதில் ஒட்டியிருக்கும் மிச்சச் சைட்டோபிளாசம் தலையளவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் குறைதான். கடைசியாக வால், சுமார் 45 மைக்ரோமீட்டர். வளைந்திருக்கலாம், கூர்மையாக ஒடிந்திருக்கக் கூடாது.

சந்தேகம் வந்தால் இயல்பற்றது என்றே குறியுங்கள். விதி அப்படித்தான் சொல்கிறது.

இத்தனை கறாராகப் பார்ப்பதால்தான் இயல்பானவற்றின் எண்ணிக்கை குறைவாக வருகிறது. உலக சுகாதார நிறுவனக் கையேட்டில் இயல்பான வடிவ விந்தணுக்களுக்கான கீழ் எல்லை 4 சதவீதம். ஓராண்டுக்குள் துணைவி கருத்தரித்த ஆண்களிலேயே 20-இல் ஒருவருக்கு இதைவிடக் குறைவாக இருந்தது. ஆகவே 3 சதவீதம் என்ற அறிக்கையைப் பார்த்து உடைந்துபோகிறவரிடம், இது குழந்தையே பிறக்காது என்ற தீர்ப்பு அல்ல என்று அவசியம் சொல்ல வேண்டும்.

படி 3: உயிருள்ளதைத் தேர்ந்தெடுத்தல்

சாயம் இல்லாத விந்தணு கண்ணாடிபோல் இருக்கும், சாதாரண ஒளியில் சரியாகத் தெரியாது. இதற்கு நோமார்ஸ்கி முறை கைகொடுக்கிறது. முனைவாக்கிய ஒளியை (ஒரே திசையில் அதிரும் ஒளியை) இரண்டு கதிர்களாகப் பிரித்து மறுபடி சேர்க்கும்போது, தடிமன் வேறுபாடு மேடு பள்ளமாகத் தெரிகிறது. தலையிலுள்ள குமிழ்கள் பள்ளங்களாகத் தெளிவாகத் தெரியும். பிளாஸ்டிக் தட்டு முனைவாக்கிய ஒளியைக் குலைத்துவிடும், எனவே அடிப்பாகம் கண்ணாடியாக உள்ள தட்டுதான் வேண்டும்.

2000-களின் தொடக்கத்தில் பார்டோவ் குழுவினர் இப்படியே கேமரா வழியாக 6000 மடங்குக்கு மேல் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அதில் தேர்ந்த விந்தணுவை முட்டைக்குள் செலுத்துவதே இம்ஸி. ஆனால் ஒன்று: ஒளி நுண்ணோக்கி சுமார் 0.2 மைக்ரோமீட்டருக்குக் கீழே உள்ளதைப் பிரித்துக் காட்டாது. திரையில் படம் பெரிதாகும், புது விவரம் கூடாது. நல்ல லென்ஸையும் சரியாக அமைத்த ஒளியையும்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். இவ்வளவு பெரிதாக்காமல் தேர்ந்த விந்தணுவை முட்டைக்குள் செலுத்தும் வழக்கமான இக்ஸியைவிட இம்ஸி மேல் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே, ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வும் 2020-இல் சொன்னது. தம்பதி கேட்டால் இதை மறைக்காதீர்கள். தேடும்போது நேரத்தையும் கவனியுங்கள், 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தாலே தலையில் குமிழ்கள் கூடலாம்.

எண்ணும்போதே சொல்ல வேண்டியது

சாயம் ஏற்றிய ஸ்லைடில் எல்லாத் தலைகளும் உருண்டையாக, அக்ரோசோமே இல்லாமல் தெரிந்தால், அது குளோபோஸூஸ்பெர்மியாவாக இருக்கலாம். அன்றைக்கே கருவியலாளரிடம் சொல்லுங்கள். இக்ஸி செய்தாலும் இத்தகைய விந்தணு முட்டையைத் தானாகத் தூண்டாமல் போகலாம், முட்டையைத் தூண்டும் கால்சியம் அயனோஃபோர் என்ற வேதிப்பொருள் தேவைப்படலாம். முட்டை எடுக்கும் நாளுக்கு முன்பே அது தயாராக இருக்க வேண்டும்.