மக்கள் சேவைக்கு யார் பணம் தருகிறார்கள்: மாநில வரவு செலவு அறிக்கையில் தேடுவது எப்படி?

ஒரு சேவைக்கான செலவை ஒன்றிய அரசும் மாநில அரசும் எவ்வாறு பகிர்கின்றன என்று அறிய, அது எந்த வகைத் திட்டம் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். ஒன்றிய அரசு நிதியுதவித் திட்டங்களில், தேசிய நலவாழ்வு இயக்கத்தைப் போன்றவற்றிற்குப் பெரும்பாலான மாநிலங்களில் 60:40 என்ற விகிதமும் (முதல் எண் ஒன்றிய அரசின் பங்கு, அடுத்தது மாநிலத்தின் பங்கு), வடகிழக்கு மற்றும் இமயமலை மாநிலங்களில் 90:10 என்ற விகிதமும் பொருந்தும்.

அடுத்து, மாநில வரவு செலவு ஆவணத்தில் 1601 என்ற கணக்குத் தலைப்பைத் திறந்து, ஒன்றிய அரசின் மானியங்களைப் பாருங்கள். அங்குள்ள மதிப்பீட்டை மட்டும் நம்பிவிடாமல், திருத்திய மதிப்பீட்டையும் முந்தைய ஆண்டின் இறுதிக் கணக்கையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதே முக்கியம். அறிவித்த தொகைக்கும் வந்து சேர்ந்த தொகைக்கும் உள்ள இடைவெளி அங்கேதான் வெளிப்படும். இடைவெளி பெரிதானால், மாநிலம் தன் பங்கை விடுவித்ததா, முந்தைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் (பணத்தை உரிய நோக்கத்திற்கே செலவிட்டதற்கான சான்று) அளித்ததா என்று கேளுங்கள்.

வரிப் பகிர்வை, அதாவது ஒன்றிய அரசு திரட்டும் வரியில் மாநிலங்களுக்குச் சேரும் பங்கை, இந்த மானியத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்தப் பங்கைப் பரிந்துரைக்கும் அமைப்பான நிதிக்குழுவில், 15ஆவது குழு 2021-26 காலத்திற்குப் பகிரத்தக்க வரி வருவாயில் மாநிலங்களுக்கு 41 விழுக்காடு பரிந்துரைத்தது. ஆனால் செஸ் (குறிப்பிட்ட நோக்கத்திற்காக விதிக்கும் வரி), கூடுதல் வரி ஆகியவை அந்தப் பகிர்வில் சேர்வதில்லை. தங்களுக்குப் போதிய பங்கு கிடைப்பதில்லை என்ற மாநிலங்களின் முறையீட்டில் இது நியாயமான பகுதி என்றே கருதுகிறேன்.