சுப்பர்சார்ஜரா டர்போவா: சின்னக் காருக்குப் பூட்ட முதல் விடுற பிழையள்

கராஜுக்கு வாற தம்பிமார் காரை நிப்பாட்ட முதலே கேக்கிறது, அண்ணே சுப்பர்சார்ஜரா டர்போவா, எதுல பவர் கூட எண்டுதான். ரெண்டும் எஞ்சினுக்குள்ள கூடுதலாக் காத்தை அமத்தித் தள்ளிப் பவரைக் கூட்டுற சாமான்தான், ஆனா பிழை அந்தக் கேள்வியிலயே தொடங்குது. பவர் எவ்வளவு எண்டதை விட உங்களுக்கு அது எந்த ஆர்.பி.எம்.ல (எஞ்சின் நிமிசத்துக்குச் சுத்துற சுத்து) தேவை எண்டதைத்தான் முதல் பாக்கணும். மட்டக்களப்புல இருந்து கல்முனைக்குப் போற ரோட்டை நினைச்சுப் பாருங்க, காத்தான்குடி பேரீச்ச மரங்களைத் தாண்டுறவரைக்கும் உருட்டிக்கொண்டுதான் போகணும், மறுகா ரோட்டு கொஞ்சம் வெளிச்சா முன்னால நெல்லு மூட்டை ஏத்தின உழவு மெசின் பெட்டி ஒண்டு போகும், அதைக் கடக்க மிதிக்கிற நேரம் எஞ்சின் 2,000, 2,500லதான் சுத்திக்கொண்டு இருக்கும். 6,000ல வாற பவர் அந்த இடத்துல ஒரு சதத்துக்கும் உதவாது.

சுப்பர்சார்ஜர் எஞ்சின்ட கிராங்க் தண்டுல இருந்து பெல்ட்டால சுத்துது, மிதிச்ச உடன காத்து வரும், ஆனா அதைச் சுத்துறதுக்கே எஞ்சின்ட பவர்ல ஒரு பங்கு போயிரும், பெற்றோலும் கூடக் குடிக்கும். டர்போ சைலன்சருக்குப் போற புகையில சுத்துது, வீணாப் போற சூட்டுல வேலை வாங்குது, ஆனா வேகம் எடுக்கும்வரைக்கும் கொஞ்சம் பொறுக்கணும். இதைக் கேட்டுட்டு கனபேர் சுப்பர்சார்ஜர் எண்டாலே கீழ் ஆர்.பி.எம்.ல இருந்தே இழுக்கும் எண்டு நம்பிருவாங்க. ரெண்டு உருளை சேர்ந்து சுத்திக் காத்தைத் தள்ளுற ரூட்ஸ், ஸ்க்ரூ வகைதான் அப்பிடி. நத்தை ஓடு மாதிரி இருக்கிற சென்ட்ரிஃபியூகல் வகையில சுத்துற வேகம் பாதியானா அழுத்தம் கால்வாசிக்கு இறங்கும், 6,000ல 7 பிஎஸ்ஐ (காத்து அழுத்தத்தின்ட அளவு) தாறது 3,000ல 2 கூடத் தராது. அளவான சின்ன டர்போ ஒண்டு அதுக்கு முதலே எழும்பிரும்.

மலிவாக் கிடைக்குது எண்டு டீசல் வேன்ல கழட்டின டர்போவை வாங்கிப் பூட்டுறதும் பிழை. பெற்றோல் எஞ்சின்ட புகை டீசலை விட நல்லாச் சூடு, டீசலுக்கு வார்த்த இரும்பு அதைத் தாங்காம வெடிக்கும்.

எனக்கு வயிறெரியிற பிழை வேற. போன வருசம் ஒரு கொரோலா 121 வந்தது, வேற எங்கயோ 7 பிஎஸ்ஐக்கு டர்போ பூட்டி, டியூன் ஒண்டும் பண்ணாம, 92 ஒக்டேன் பெற்றோல்லயே ஓடியிருக்கு. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி லைட்டுக்குக் கிட்டப் பிடிச்சா வெள்ளைப் பீங்கான்ல மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்புப் புள்ளி, அதுக்குள்ள ஒண்டு ரெண்டு மினுங்குது. மினுங்கினது பிஸ்டன்ட அலுமினியம். சிலிண்டருக்குள்ள கம்ப்ரஷன் அழுத்தத்தை அளந்தா மற்ற எல்லாத்துலயும் 180 பிஎஸ்ஐக்குக் கிட்ட, மூண்டாம் சிலிண்டர்ல மட்டும் 90. பிஸ்டன்ல றிங் இருக்கிற விளிம்பு உடைஞ்சு போச்சு. அந்தப் பொடியன் காசு சேர்த்து வாங்கின முதல் கார் அது.

ஏன் உடைஞ்சது எண்டா, அந்த எஞ்சின்ட கம்ப்ரஷன் விகிதம், அதாவது பிஸ்டன் காத்தை எத்தினை மடங்கு ஒடுக்குது எண்டது, 10.5க்கு 1. 7 பிஎஸ்ஐ எண்டா வெளிக்காத்தின்ட அழுத்தம் 14.7ல கிட்டத்தட்டப் பாதியை அதுக்கு மேல ஏத்துறது. அமத்தினா காத்து சூடாகும், எங்கட 33 பாகை வெயில்ல உள்ள எடுக்கிற காத்து, அதை ஆத்துற இன்டர்கூலர் இல்லாட்டி, 90 பாகைக்குக் கிட்டப் போய்த்தான் சிலிண்டருக்குள்ள போகும். அந்தச் சூட்டுல பெற்றோல் நேரத்துக்கு முதலே தானா வெடிக்கும், அதுதான் நொக்கிங். டொயோட்டாவே தன்ட 4ஏ-ஜிஈ எஞ்சினுக்கு சுப்பர்சார்ஜர் பூட்டினப்போ கம்ப்ரஷன் விகிதத்தை 9.4ல இருந்து 8க்குக் குறைச்சுத்தான் விட்டது. நாம பிஸ்டன் மாத்தப் போறதில்ல எண்டா 5 பிஎஸ்ஐக்கு மேல ஆசைப்படக்கூடாது, 95 ஒக்டேன் பெற்றோல், இன்டர்கூலர், பெற்றோல் பீச்சிற இன்ஜெக்டருக்கு ஏத்த மாதிரி எஞ்சின் கொம்பியூட்டருக்கு (ஈ.சி.யூ.) டியூன், இதுல ஒண்டையும் விட ஏலாது. ரூட்ஸ் வகையை, காத்து எஞ்சினுக்குள்ள போற மேனிஃபோல்டுக்கு மேலயே நேரா இருத்தினா இன்டர்கூலருக்கு இடம் தேடுறதே பெரும்பாடு, அதையும் முதலே யோசிங்க.

ஒயில் விசயம். டர்போ நிமிசத்துக்கு 1,00,000 சுத்துக்கு மேல சுத்துது, அதைத் தாங்கிறது ஒரு மெல்லிய ஒயில் படலம்தான். மகியங்கனைப் பக்கம் 18 வளைவு ஏறிட்டு மேல போன உடன சாவியைத் திருப்பி நிப்பாட்டினா உள்ள நிண்ட ஒயில் கருகிக் கரியாகும், ஒரு ரெண்டு நிமிசம் சும்மா ஓட விடுங்க. ஒயில் திரும்பி வாற குழாய் சரிவா, அகலமா இறங்கணும். அது மேடு பள்ளமா வளைஞ்சா ஒயில் சைலன்சருக்குள்ள ஒழுகும், மறுகா புகைப் பரிசோதனையில பாஸ் ஆகாது.

மின்சார சுப்பர்சார்ஜர் எண்டு ஒன்லைன்ல விக்கிற ஃபேனைப் பூட்டி ஏமாறாதீங்க. 1.5 லீட்டர் எஞ்சின் 6,000ல செக்கனுக்கு 75 லீட்டர் காத்து எடுக்கும், அதை 5 பிஎஸ்ஐ அமத்த 12 வோல்ட் பற்றரியில இருந்து 200 ஆம்பியருக்கு மேல இழுக்கணும். அந்த மெல்லிய வயர் ரெண்டும் அதுக்கு எங்க தாங்கும்.

என்னட்டக் கேட்டா எங்கட சமதரை ரோட்டுக்கும் பெற்றோல் செலவுக்கும் சின்ன டர்போதான் பொருத்தம். நல்லா டியூன் பண்ணத் தெரிஞ்ச ஆள் கிடைக்காட்டி பூட்டாதீங்க, அந்தக் காசோட கார் வித்த காசையும் சேர்த்து, சுசுக்கி எவ்ரி டர்போ மாதிரி கொம்பனியே டர்போ போட்டு விட்ட வண்டியைப் பாருங்க. பூட்டியே தீரணும் எண்டா டர்போவை வாங்க முதல் கம்ப்ரஷனை அளக்கச் சொல்லுங்க, ஒரு மணித்தியால வேலைதான், சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 வீதத்துக்கு மேல வித்தியாசம் வந்தா காசை எஞ்சினுக்குப் போடுங்க.